அக்கம்பக்கத்து காபிக் கடை எப்படிப் பிழைக்கிறது? ஒரு கோப்பை, ஒரு நாற்காலி, 60 வாடிக்கையாளர்கள்: முழு விளக்கம்

தெருமுனையில் புதிதாக ஒரு காபிக் கடை திறக்கிறது. மர மேசைகள், சுவரோரம் செடிகள், கரும்பலகையில் விலைப்பட்டியல். முதல் ஆறு மாதம் நல்ல கூட்டம். ஒன்றரை வருடம் கழித்துப் பார்த்தால் அதே இடத்தில் செல்போன் கடை இருக்கிறது. இந்திய நகரங்களில் இருப்பவர்களுக்கு இது பழகிப்போன காட்சி.

அதே நகரங்களில் அறுபது, எழுபது ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் காபி ஹவுஸ்களும் இருக்கின்றன. பெயின்ட் உதிர்ந்த சுவர், பழைய நாற்காலி, மெதுவான சர்வீஸ். இருந்தும் மாலையானால் உட்கார இடம் கிடைப்பதில்லை.

இரண்டுக்கும் நடுவே என்ன வித்தியாசம்? சுவையா, விலையா, இடமா? கொஞ்சம் வரலாறும் கொஞ்சம் கூட்டல் கழித்தலும் போட்டுப் பார்த்தால் பதில் பிடிபடுகிறது. சொந்தமாக ஒரு காபிக் கடை வைக்க நினைப்பவர்களுக்கும், தங்கள் தெருவில் இருக்கும் கடை மூடாமல் இருக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கும் இந்த விளக்கம்.

எந்தக் கடையைப் பற்றிப் பேசுகிறோம்?

நாடு முழுக்கக் கிளைகள் வைத்திருக்கும் சங்கிலி நிறுவனங்களை இங்கே விட்டுவிடுவோம். ஒரு முதலாளியோ, ஒரு குடும்பமோ, ஒரு தொழிலாளர் சங்கமோ நடத்தும் கடை. சுற்றியுள்ள ஒன்றிரண்டு கிலோமீட்டரில் இருப்பவர்களே முக்கிய வாடிக்கையாளர்கள். கல்லாவில் இருப்பவருக்கும் காபி குடிப்பவருக்கும் ஒருவரையொருவர் முகம் தெரியும். இதைத்தான் அக்கம்பக்கத்துக் கடை என்கிறோம்.

அமெரிக்க சமூகவியலாளர் ரே ஓல்டன்பர்க் 1989-இல் வெளியிட்ட நூலில் இதற்கு 'மூன்றாம் இடம்' என்று பெயர் வைத்தார். வீடு முதல் இடம், வேலை இரண்டாம் இடம். இரண்டும் இல்லாமல், யாரும் யாரையும் அழைக்காமலே போய் உட்காரக்கூடிய இடம் மூன்றாவது. நம் ஊர்த் திண்ணையும் ஆலமரத்தடியும் வாசக சாலையும் செய்த வேலை அதுதான். திண்ணைகள் இடிபட்டு அடுக்குமாடிகள் எழுந்த நகரங்களில் அந்த வேலையில் ஒரு பங்கு காபிக் கடையின் தலையில் விழுந்திருக்கிறது. ஒரு சிக்கல், திண்ணைக்கு வாடகை கிடையாது. கடைக்கு உண்டு.

இந்தியாவில் இது எப்படித் தொடங்கியது?

தொடங்கி வைத்தது காபி விற்க வழி தேடிய அமைப்பு ஒன்று. 1930-களில் உலகப் பொருளாதார மந்தத்தால் காபி விலை சரிந்தது. உள்நாட்டிலேயே காபி குடிப்பவர்களைப் பெருக்குவதற்காக, விவசாயிகளிடம் வசூலித்த தீர்வையைக் கொண்டு இயங்கிய காபி தீர்வைக் குழு 1936-இல் பம்பாய் சர்ச்கேட்டில் முதல் 'இந்தியா காபி ஹவுஸை'த் திறந்தது. பிறகு காபி வாரியம் அதை ஏற்று நடத்தியது. 1940-களில் சுமார் 50 கிளைகள் வரை பரவியது.

1950-களின் நடுவில் இவற்றை மூடிவிட வாரியம் முடிவெடுத்தது. ஊழியர்கள் வேலை இழந்தார்கள். அப்போது கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலன் ஒரு யோசனை சொன்னார்: கடையை நீங்களே கூட்டுறவாக எடுத்து நடத்துங்கள். 1957 ஆகஸ்ட் 19-இல் பெங்களூருவில் முதல் காபித் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. அதே ஆண்டில் டெல்லியிலும், 1958-இல் கேரளத்தின் திருச்சூரிலும் கடைகள் திறந்தன. 'இந்தியா' என்பது 'இந்தியன்' ஆனது. தட்டு கழுவியவரும் காபி பரிமாறியவரும் பங்குதாரர் ஆனார்கள். இன்று பல மாநிலங்களில் தனித்தனிச் சங்கங்களின் கீழ் சுமார் 400 கடைகள் இயங்குகின்றன. புதுச்சேரியிலும் ஒரு சங்கம் உண்டு.

இந்தக் கடைகள் காபி விற்றதோடு நிற்கவில்லை. கொல்கத்தா காலேஜ் ஸ்ட்ரீட்டில் பழைய ஆல்பர்ட் ஹாலில் இருக்கும் காபி ஹவுஸ், வங்காளிகள் 'அட்டா' என்று சொல்லும் முடிவில்லாத அரட்டைக்குப் பேர்போனது. 1958-இல் அது மூடப்படும் நிலை வந்தபோது பிரசிடென்சி கல்லூரி, கல்கத்தா பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் அரசிடம் மனு கொடுத்து, அதே ஆண்டில் திறக்க வைத்தார்கள். டெல்லி கன்னாட் பிளேஸில் இருந்த காபி ஹவுஸ், அரசியல்வாதிகளும் பத்திரிகையாளர்களும் கூடிப் பேசிய இடம். அவசரநிலைக் காலத்தில், 1976-இல் அது இடிக்கப்பட்டது. இன்று அருகிலுள்ள மோகன் சிங் பிளேஸ் கட்டடத்தில் காபி ஹவுஸ் இயங்குகிறது. பெங்களூரு எம்.ஜி.ரோடு கிளை கட்டடத்தைக் காலி செய்ய வேண்டி வந்து, 2009-இல் சர்ச் ஸ்ட்ரீட்டுக்கு இடம் மாறியது. பழைய வாடிக்கையாளர்களும் கூடவே வந்தார்கள்.

இந்த வரலாற்றில் ஒன்றைக் கவனியுங்கள். கடைக்கு ஆபத்து வந்த இடங்களில் காபியின் தரம் பிரச்சினையாக இருக்கவில்லை. கட்டடம், நிர்வாக முடிவு, அரசு உத்தரவு என்று காரணம் வேறெங்கோ இருந்தது. காப்பாற்றியவர்கள் ஊழியர்களும் வாடிக்கையாளர்களும்.

சங்கிலிக் கடைகள் வந்தபின் என்ன ஆனது?

1990-களில் காபி வணிகம் தாராளமயமானது. தோட்டக்காரர்கள் தங்கள் விளைச்சலை வாரியத்துக்கே கொடுக்க வேண்டும் என்ற கட்டாயம் படிப்படியாக நீங்கியது. 1996-இல் பெங்களூரு பிரிகேட் ரோட்டில் கஃபே காபி டே தன் முதல் கடையைத் திறந்தது. வீட்டில் பேச முடியாததைப் பேச இளைஞர்களுக்கு ஏசி போட்ட ஓர் இடம் கிடைத்தது. 2012-இல் டாடாவுடன் சேர்ந்து ஸ்டார்பக்ஸ் மும்பையில் நுழைந்தது. அடுத்து ப்ளூ டோக்காய், தேர்ட் வேவ் போன்ற நிறுவனங்கள், எந்தத் தோட்டத்துக் கொட்டை, எந்த அளவு வறுவல் என்று சொல்லி விற்கத் தொடங்கின.

பெரிய நிறுவனம் என்பதால் மட்டும் பிழைத்துவிடவில்லை. 2019-இல் 1,700-க்கும் மேற்பட்ட கடைகளை வைத்திருந்த கஃபே காபி டே, கடன் நெருக்கடியாலும் பிறகு வந்த கொரோனாவாலும் ஐந்தே ஆண்டுகளில் 500-க்கும் கீழே சுருங்கியது. வாடகைக் கட்டடத்தில் நாற்காலி போட்டுக் காபி விற்பது எவ்வளவு மெல்லிய லாபத்தில் ஓடும் தொழில் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டாம்.

ஒரு கோப்பைக்கு என்ன செலவாகும்?

இனி கணக்கு. கீழே உள்ளது எந்தவொரு குறிப்பிட்ட கடையின் கணக்கும் அல்ல. புரிவதற்காகப் போட்ட மாதிரி. உங்கள் ஊர் வாடகையையும் சம்பளத்தையும் போட்டு மாற்றிக்கொள்ளலாம்.

பெருநகரத்தில், குடியிருப்புப் பகுதியில் 500 சதுர அடிக் கடை. 20 நாற்காலி. தினமும் 12 மணி நேரம், மாதம் 30 நாள் திறப்பு. எஸ்பிரஸ்ஸோ இயந்திரம் உண்டு. பால் சேர்த்த ஒரு காபியின் விலை, வரி நீங்கலாக 150 ரூபாய்.

ஒரு கோப்பைக்கான நேரடிச் செலவு:

- காபிக் கொட்டை 18 கிராம் (கிலோ 1,200 ரூபாய், 5% வரி சேர்த்து): சுமார் 23 ரூபாய்
- பால் 180 மில்லி (லிட்டர் 60 ரூபாய்): சுமார் 11 ரூபாய்
- சர்க்கரை, டிஷ்யூ, கழுவும் செலவு: 4 ரூபாய்
- சிந்தியது, திரிந்தது, திரும்பப் போட்டுக் கொடுத்தது: 4 ரூபாய்

மொத்தம் 42 ரூபாய். ஆக ஒரு கோப்பையில் 108 ரூபாய் மிஞ்சுகிறது. "150 ரூபாய் காபியில் 108 ரூபாய் லாபமா!" என்று இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அந்த 108 ரூபாய் இன்னும் லாபமாகவில்லை. மாதச் செலவு என்ற பெரிய பாத்திரத்தில் விழும் ஒரு சொட்டு அது.

மாதச் செலவு:

- வாடகை 90,000 ரூபாய், அதற்கு 18% ஜிஎஸ்டி 16,200 ரூபாய்: ஆக 1,06,200
- ஐந்து ஊழியர்களின் சம்பளம்: 1,20,000
- மின்சாரம்: 25,000
- கேஸ், இணையம், பராமரிப்பு, கணக்காளர், கட்டணங்கள்: 20,000
- இயந்திரம், மேசை நாற்காலி, உள் அலங்காரம் (15 லட்சம் முதலீட்டை 5 ஆண்டுகளுக்குப் பிரித்தால்): 25,000

கூட்டினால் 2,96,200 ரூபாய். இதை 108-ஆல் வகுத்தால் மாதம் 2,743 கோப்பை, அதாவது நாளுக்கு 92. இதில் முதலாளிக்கு ஒரு ரூபாய் சம்பளமும் சேர்க்கவில்லை. 93-ஆவது கோப்பையில்தான் அவர் வீட்டு அரிசி, பருப்பு தொடங்குகிறது.

"விலையைக் குறைத்தால் கூட்டம் வருமே" என்று தோன்றலாம். 120 ரூபாய்க்கு விற்றால் கோப்பைக்கு 78 ரூபாய்தான் மிஞ்சும். அப்போது நாளுக்கு 127 கோப்பை விற்க வேண்டும். விலை 20% குறைந்ததற்கு விற்பனை 38% கூட வேண்டும். வேறு வழி, சாப்பிட ஏதாவது வைப்பது. பாதி வாடிக்கையாளர்கள் 80 ரூபாய்க்கு ஒரு பன்னோ கட்லெட்டோ வாங்கி, அதில் 40 ரூபாய் மிஞ்சினால், நாளுக்கு 78 பேர் வந்தாலே செலவு ஈடாகிவிடும். காபி மட்டும் விற்ற கடைகள் எல்லாம் சீக்கிரமே கட்லெட்டுக்கும் ஆம்லெட்டுக்கும் வந்துசேர்வது இதனால்தான். கேரளத்து இந்தியன் காபி ஹவுஸில் காபியைவிட பீட்ரூட் போட்ட மசாலா தோசையும் கட்லெட்டும் பேர் வாங்கியிருப்பதைப் பாருங்கள்.

காபிக் கொட்டை விலை ஏறினால்?

2024-இலும் 2025 தொடக்கத்திலும் உலகச் சந்தையில் காபி விலை வரலாறு காணாத உயரத்துக்குப் போனது. பிரேசிலிலும் வியட்நாமிலும் வறட்சியால் விளைச்சல் அடிவாங்கியது முக்கியக் காரணம். இந்தியாவில் விளையும் காபியில் பெரும்பகுதி ஏற்றுமதியாகிறது என்பதால், சிக்மகளூரில் விளைந்த கொட்டைக்கும் உலக விலைதான்.

நம் மாதிரிக் கடையில் கொட்டை கிலோ 1,200-லிருந்து 1,500 ஆனால் கோப்பைக்கு 6 ரூபாய் கூடும். நாளுக்கு 92 கோப்பை என்பது 97 ஆகும். தாங்கக்கூடியதுதான். ஆனால் அதே மாதம் வாடகை 10% ஏறி, மழையில் பத்து நாள் கூட்டம் குறைந்தால் முதலுக்கே மோசம். கடைகள் பெரும்பாலும் ஒரே அடியில் சாய்வதில்லை. மூன்று சின்ன அடிகள் ஒன்றாக விழும்போது சாய்கின்றன.

ஒரு காபி வாங்கி மூன்று மணி நேரம் உட்காரலாமா?

கஃபே நடத்துபவர்களும் லேப்டாப்போடு வருபவர்களும் ஓயாமல் முறுக்கிக்கொள்ளும் கேள்வி இது. இதற்கும் கணக்கு உண்டு.

20 நாற்காலி, 12 மணி நேரம், 30 நாள் என்றால் மாதம் 7,200 'நாற்காலி மணி'. மாதச் செலவை இதால் வகுத்தால், ஒரு நாற்காலிக்கு ஒரு மணி நேரத்துக்கு 41 ரூபாய். எந்தக் கடையும் நாள் முழுக்க நிரம்பியிருக்காது. பாதி நிரம்பினால், ஆள் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 82 ரூபாய் வர வேண்டும். அப்படியானால் 108 ரூபாய் மிஞ்சும் ஒரு காபி, சுமார் 1 மணி 19 நிமிடத்துக்குத்தான் வாடகை கட்டுகிறது.

இதைப் படித்ததும் "அப்போ லேப்டாப் ஆட்களைத் துரத்த வேண்டியதுதானே" என்று முடிவு கட்டிவிடக் கூடாது. காலை 11 முதல் மாலை 4 வரை கடை எப்படியும் காலியாகத்தான் இருக்கும். அப்போது மூன்று மணி நேரம் உட்கார்ந்திருப்பவரால் கடைக்குக் கூடுதல் செலவு கிட்டத்தட்ட எதுவும் இல்லை. காலிக் கடைக்குள் யாரும் நுழையத் தயங்குவார்கள்; உள்ளே நாலு தலை தெரிவதே ஒரு விளம்பரம். அதே ஆள் மாலை 6 மணிக்கு, வாசலில் நாலு பேர் நிற்கும்போது நால்வர் மேசையைத் தனியாகப் பிடித்து உட்கார்ந்தால், அது கடையின் சட்டைப்பையில் கைவிடுவதற்குச் சமம்.

இதற்கு இந்தியக் கடைகள் பல விடைகளைக் கண்டிருக்கின்றன:

- நிற்க வைப்பது. 1980-களில் பெங்களூருவில் தோன்றிய 'தர்ஷினி' கடைகள் நாற்காலியையே எடுத்துவிட்டன. முதலில் காசு, கையில் டோக்கன், நின்றபடி சாப்பாடு, பத்து நிமிடத்தில் வெளியே. நாற்காலி இல்லை என்பதால் காபி மலிவு.
- உட்கார விட்டு, சாப்பாட்டில் ஈடுகட்டுவது. மும்பையின் பழைய இரானி கஃபேக்களும் பெங்களூரு செயின்ட் மார்க்ஸ் ரோடு கோஷீஸும் இந்த வழி.
- செலவைக் குறைத்து நேரத்தைத் தாராளமாக விடுவது. அலங்காரத்துக்குச் செலவு செய்யாமல், லாபத்தைத் தூக்கிச் செல்ல வெளி முதலாளி இல்லாமல் ஓடும் கூட்டுறவு காபி ஹவுஸ்கள் இப்படித்தான்.
- கோப்பையின் விலையிலேயே நாற்காலி வாடகையைச் சேர்ப்பது. இன்றைய 200, 250 ரூபாய் காபிகளின் ரகசியம் பெருமளவு இதுதான்.

நான்கில் எது என்பதைக் கடை திறக்கும் முன்பே முடிவு செய்ய வேண்டும். தர்ஷினி விலையில் கோஷீஸ் நாற்காலி கொடுத்தால் கணக்கு எந்தக் காலத்திலும் சேராது.

'சமூகம்' கணக்கில் எங்கே வருகிறது?

நாம் போட்ட மாதிரிக்கே திரும்புவோம். மாதம் 2,743 கோப்பை வேண்டும். அக்கம்பக்கத்தில் 60 பேர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்தால் மாதம் 15 கோப்பை வீதம் 900 கோப்பை. தேவையில் மூன்றில் ஒரு பங்கை இந்த 60 பேரே கட்டிவிடுகிறார்கள். அதே எண்ணிக்கை 100 ஆனால் 1,500 கோப்பை, பாதிக்கும் மேல்.

இந்த 60 பேருக்கு விளம்பரச் செலவு இல்லை. உணவு டெலிவரி செயலிகளுக்குக் கமிஷன் இல்லை. மழை நாளிலும் குடை பிடித்து வருவார்கள். அதனால் சமூகம் என்பதை சுவரில் எழுதி வைக்கும் அழகான வாசகமாக நினைக்க வேண்டாம். அது கடையின் வாடகைப் பணம். புத்தக அலமாரியும் கிடாரும் வைத்துவிட்டால் சமூகம் வந்துவிடும் என்று நம்பிய கடைகள் மூடியிருக்கின்றன. எதுவும் வைக்காமல், "வழக்கமானதுதானே சார்?" என்று கேட்கத் தெரிந்த ஒருவரால் ஓடும் கடைகளும் உண்டு.

நீண்ட நாள் ஓடும் கடைகளில் பொதுவாகத் தென்படும் சில பழக்கங்கள்:

- ஊழியர் மாறுவதில்லை. வாடிக்கையாளர் பழகுவது முதலில் ஊழியரோடுதான். ஆறு மாதத்துக்கு ஒரு முறை முகம் மாறும் கடையில் யாருக்கும் உரிமை வராது. 2,000 ரூபாய் கூடுதல் சம்பளம் கேட்பவரை அனுப்பிவிட்டு, புது ஆளுக்குப் பால் நுரைக்கக் கற்றுக்கொடுப்பது மிச்சம் போலத் தெரியும் நஷ்டம்.
- திறக்கும் நேரம் தவறுவதில்லை. காலை 7 மணி என்றால் 7 மணி. நடைப்பயிற்சி முடித்து வரும் பெரியவர்கள் இரண்டு நாள் பூட்டிய ஷட்டரைப் பார்த்தால், மூன்றாம் நாள் வேறு கடைக்குப் பழகிவிடுவார்கள்.
- ஒரே ஒரு பொது மேசை. தனியாக வருபவர்கள் அங்கே உட்காருவார்கள். அறிமுகங்கள் பெரும்பாலும் அங்கேதான் நடக்கின்றன.
- மாதத்தில் ஒரு நிகழ்ச்சி, அதே கிழமை, அதே நேரம். புத்தக வாசிப்போ, சதுரங்கமோ, குழந்தைகளுக்குக் கதை சொல்வதோ எதுவானாலும் சரி. கூட்டம் குறைவான நேரத்தில் வைத்தால் காலி நாற்காலிக்கும் வேலை கிடைக்கும். ஒவ்வொரு வாரமும் புதிது புதிதாகச் செய்யத் தொடங்கினால் மூன்றாம் மாதம் ஊழியர்கள் களைத்துப்போவார்கள்.
- அறிவிப்புப் பலகை. வாடகைக்கு வீடு, காணாமல் போன பூனை, டியூஷன், ரத்த தானம். செலவே இல்லாமல் கடையைத் தெருவின் மையமாக்குவது இது.
- விதிகள் எழுத்தில் இருக்கின்றன. "மாலை 5 முதல் 8 வரை லேப்டாப் வேண்டாம்" என்று மேசையில் ஒரு சீட்டு இருந்தால் யாருக்கும் கோபம் வராது. அன்றைய மனநிலைக்கு ஏற்ப ஒருவரை விட்டு இன்னொருவரை எழுப்பினால்தான் மனம் நோகும்.

எல்லோரும் உட்கார முடிகிறதா?

காபிக் கடையை ஜனநாயக வெளி என்று கொண்டாடும்போது ஒரு பழைய கணக்கை மறக்கக் கூடாது. தென்னிந்தியக் காபி ஹோட்டல்களில் பிராமணர்களுக்குத் தனி இடம் என்பது ஒரு காலத்தில் சர்வசாதாரணம். 1957-இல், பெங்களூருவில் காபித் தொழிலாளர் கூட்டுறவு பிறந்த அதே ஆண்டில், சென்னை திருவல்லிக்கேணியில் ஓர் உணவகப் பெயர்ப்பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எதிர்த்துப் பெரியார் தலைமையில் திராவிடர் கழகம் தொடர் மறியல் நடத்தியது. பல கிராமங்களின் டீக்கடைகளில் தலித்துகளுக்குத் தனிக் குவளை வைக்கும் இரட்டைக் குவளை முறை அதற்குப் பிறகும் நீடித்தது.

சட்டம் தெளிவாக இருக்கிறது. கடைகள், பொது உணவகங்களில் நுழைய மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் காரணமாக யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 15(2) பிரிவு. இன்று பலகை இல்லை. விலை, நுழைவாயில் படிக்கட்டு, காவலாளியின் பார்வை ஆகியவை அந்த வேலையைச் செய்யலாம். 220 ரூபாய் காபி மட்டும் உள்ள கடையில் அந்தத் தெருவின் ஆட்டோ ஓட்டுநரும் வீட்டு வேலை செய்பவரும் உட்கார முடியாது. அப்போது அது தெருவின் கடை அல்ல, தெருவில் இருக்கும் ஒரு கடை. விலைப்பட்டியலில் 30, 40 ரூபாய்க்கு ஒரு ஃபில்டர் காபியோ டீயோ வைப்பது, வாசலில் சாய்தளம் அமைப்பது, சுத்தமான கழிப்பறை வைப்பது போன்றவை 'எல்லோரும் வாங்க' என்ற வாசகத்தைவிட அதிகம் பேசும். பெண்கள் தனியாக வந்து நேரம் கழிக்கிறார்களா என்பதே ஒரு கடையின் தரத்துக்கு நல்ல அளவுகோல்.

என்னென்ன அனுமதி, வரி?

- உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் பதிவு அல்லது உரிமம். ஆண்டு விற்பனையைப் பொறுத்து எது என்பது மாறும். அந்த எண்ணைக் கடையில் காட்ட வேண்டும், பில்லிலும் அச்சிட வேண்டும்.
- உள்ளாட்சி அமைப்பின் தொழில் உரிமம், மாநிலத்தின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப் பதிவு. கட்டடத்தையும் அளவையும் பொறுத்துத் தீயணைப்புத் துறை அனுமதி.
- சமையல் எரிவாயு: 19 கிலோ வணிக சிலிண்டர்தான். வீட்டு சிலிண்டரைப் பயன்படுத்துவது சட்டவிரோதம்.
- பாட்டு: திரைப்பாடலை ஸ்பீக்கரில் போடுவது பொது ஒலிபரப்பு. பதிப்புரிமைச் சட்டப்படி அதற்குத் தனி உரிமம் தேவை. உங்கள் கைபேசிச் சந்தா செல்லாது.
- ஊழியர்: 10 பேர் ஆனால் இஎஸ்ஐ, 20 பேர் ஆனால் பிஎஃப். 10 பேர் முதல், பாலியல் துன்புறுத்தல் புகார்களுக்கான உள்ளகக் குழுவும் கட்டாயம்.
- ஜிஎஸ்டி: பெரும்பாலான மாநிலங்களில் ஆண்டு விற்பனை 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு. நம் மாதிரிக் கடை நாளுக்கு 92 கோப்பை விற்றால் ஆண்டுக்குச் சுமார் 50 லட்சம் வருகிறது, ஆகவே பதிவு கட்டாயம்.

வரியில் ஒரு சூட்சுமம் உண்டு. இத்தகைய கடைகள் வாடிக்கையாளரிடம் 5% ஜிஎஸ்டி வாங்கி அரசுக்குக் கட்டுகின்றன. ஆனால் தாங்கள் வாடகைக்கும் இயந்திரத்துக்கும் கட்டிய வரியை அதில் கழித்துக்கொள்ள முடியாது. மேலே வாடகையோடு 16,200 ரூபாயைச் செலவாகச் சேர்த்தது அதனால்தான். கடை பார்க்கப் போகும்போது "வாடகை 90,000" என்று தரகர் சொன்னால், கைவிட்டுப் போவது 1,06,200 என்று எழுதிக்கொள்ளுங்கள்.

சேவைக் கட்டணம் என்று பில்லில் தானாகவே 10% சேர்க்கலாமா? கூடாது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் கொண்டுவந்த இந்த வழிகாட்டுதலை டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் உறுதி செய்தது. விரும்பினால் வாடிக்கையாளர் கொடுக்கலாம்.

கடை வைக்க நினைப்பவர் முதலில் என்ன செய்ய வேண்டும்?

இயந்திரம் பார்க்கப் போகாதீர்கள். பார்த்து வைத்திருக்கும் இடத்துக்கு எதிரே ஒரு வாரநாளும் ஒரு ஞாயிறும் காலை 7 முதல் இரவு 9 வரை உட்கார்ந்து, நடந்து போகிறவர்களை மணிவாரியாக எண்ணுங்கள். வாகனங்களை எண்ண வேண்டாம், வண்டியில் போகிறவர் நிற்க மாட்டார். நாளுக்கு 92 கோப்பை என்பதுபோல உங்களுக்கான எண்ணைக் கண்டுபிடியுங்கள். தெருவில் நடப்பவர்களில் எத்தனை பேர் உள்ளே வந்தால் அந்த எண் சாத்தியம் என்று பாருங்கள்.

அடுத்தது வாடகை ஒப்பந்தம். எத்தனை ஆண்டு, ஆண்டுக்கு எவ்வளவு உயர்வு, நடுவில் காலி செய்யச் சொன்னால் எவ்வளவு அவகாசம் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். மூன்று ஆண்டு உழைத்து 60 பேரைச் சேர்த்த பிறகு கடையை இரண்டு கிலோமீட்டர் தள்ளி மாற்ற நேர்ந்தால், அந்த 60 பேரில் எத்தனை பேர் வருவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். கடைசியாக, ஆறு மாத மாதச் செலவு கையிருப்பில் இருக்க வேண்டும். நம் மாதிரியில் அது சுமார் 18 லட்சம். உள் அலங்காரத்துக்குப் போட்டதைவிட அதிகம். பலரும் இதை வைக்காமல் திறப்பதால்தான், வாடிக்கையாளர்கள் பழகத் தொடங்கும் நேரத்தில் கடை மூடுகிறது.

வாடிக்கையாளர் செய்யக்கூடியது?

பெரிதாக ஒன்றுமில்லை. கூட்ட நேரத்தில் நால்வர் மேசையைத் தனியாகப் பிடிக்காமல் இருக்கலாம். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தால் இன்னொன்று சொல்லலாம். பக்கத்துக் கடைதானே, டெலிவரி செயலியில் வாங்காமல் நடந்துபோய் வாங்கலாம். விலை 10 ரூபாய் ஏறினால் காரணம் கேட்கலாம். நல்ல கடைக்காரர் சொல்வார்.

கொல்கத்தாவில் 1958-இல் பேராசிரியர்கள் மனு எழுதிக் கடையைக் காப்பாற்றினார்கள். எல்லாத் தெருவிலும் பேராசிரியர்கள் இருக்க மாட்டார்கள். மாதம் 15 முறை வரும் 60 பேர் இருந்தால் போதும், பெரும்பாலான கடைகளுக்கு மனு எழுதும் நிலையே வராது.